'பொய்' பட்டனை அமுக்கட்டுமா, பெரியப்பா?

மே மாத விடுமுறைக்குக் களக்காட்டுக்குப் போனால் எனக்கு இரண்டு வேலைகள்தான். பகலில் தலையணையில் குளியல். ராத்திரியில் பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பில் கேம்.

இந்த முறை கேம் விளையாட எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். என் பெரியப்பா. காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் ஸ்டேஷன் ரைட்டராகவே கழிந்ததால், ஊரில் இன்னும் 'ஏட்டையா' என்றுதான் கூப்பிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தூக்கம் வராது அவருக்கு. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே வெளிச்சம் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னலே இது, சினிமாவா?"

"இல்ல பெரியப்பா, கேம். துப்பறியுற கேம். நான்தான் போலீஸ்."

"நீயா?" என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த நான்கு ராத்திரிகள் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது.

நான் விளையாடிக்கொண்டிருந்தது 'எல்.ஏ. நுவார்'. 2011 மே மாதம் வெளியான பழைய கேம். டிரைபெக்கா திரைப்பட விழா அதிகாரபூர்வமாகத் தேர்ந்தெடுத்த முதல் வீடியோ கேம் இதுதான். 2017-ல் புதுப்பித்து மறுபடியும் விட்டார்கள். கதை நடப்பது 1947-ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில். நாம் இங்கே சுதந்திரம் வாங்கிய அதே வருடம். உலகப் போரிலிருந்து திரும்பி வந்து போலீஸில் சேரும் கோல் ஃபெல்ப்ஸ் என்ற இளைஞராக நாம் விளையாட வேண்டும். சாதாரண ரோந்துப் போலீஸாகத் தொடங்கி, போக்குவரத்து, கொலை என்று ஒவ்வொரு பிரிவாக மேலே போவார்.

(பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இது பெரியவர்களுக்கான கேம். பிணங்கள், நிர்வாணம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் உட்கார்வது அதனால்தான்.)

நகரத்தைக் கட்டிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய 8 சதுர மைல் பரப்புக்கு அந்தக் கால லாஸ் ஏஞ்சலஸை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். ராபர்ட் ஸ்பென்ஸ் என்ற புகைப்படக்காரர் விமானத்தில் பறந்தபடி அந்த நகரத்தைப் பல ஆண்டுகள் படம் எடுத்துவைத்திருந்தார். அந்தப் படங்களை வைத்துத்தான் எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் நின்றது என்று கண்டுபிடித்தார்கள். 1928-ல் கட்டிய நகர மன்றம், 1939-ல் திறந்த யூனியன் ரயில் நிலையம் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. சில இடங்களில் ஆசைக்கு வளைத்தும் இருக்கிறார்கள். 1916-ல் வந்த 'இன்டாலரன்ஸ்' என்ற மௌனப் படத்துக்குப் போட்ட பிரமாண்ட பாபிலோன் செட், 1947-க்கு வெகு காலம் முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. கேமில் அது இன்னும் நிற்கிறது, அதன் மேல் ஏறி ஓட வேண்டும்!

பெரியப்பாவுக்கு இந்த அழகெல்லாம் கண்ணில் படவில்லை. நான் காரை நடைபாதையில் ஏற்றியதும், "ஏலே, போலீஸ் வண்டியை இப்படியா ஓட்டுவாவ? மெமோ வாங்குவே" என்றார். கேமிலும் உண்மையிலேயே அப்படித்தான். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினால் வழக்கின் முடிவில் மதிப்பெண் குறையும்.

மகஜர் எங்கே?

கொலை நடந்த இடத்துக்குப் போனதும் பியானோ இசை தொடங்கும். தடயம் கிடக்கும் இடத்துக்கு அருகில் போனால் மெல்லிய ஒலி ஒன்று கேட்கும். குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எல்லாத் தடயமும் கிடைத்தவுடன் இசை நின்றுவிடும். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படி மியூசிக் போட்டுச் சொல்லியிருந்தா நான் டி.எஸ்.பி. ஆகியிருப்பேன்லே."

பிறகு அவர் பங்குக்கு ஒரு குறை சொன்னார். ஃபெல்ப்ஸ் பொருளைக் கையில் எடுக்கிறார், பார்க்கிறார், குறிப்பேட்டில் எழுதுகிறார், அவ்வளவுதான். "பார்வை மகஜர் எங்க? மாதிரி வரைபடம் எங்க? ரெண்டு சாட்சிக் கையெழுத்து எங்க? இவன் எடுத்த ஒத்தச் சாமானும் கோர்ட்டுல நிக்காது." இருபது வருடங்களுக்கு மேல் மகஜர் எழுதிய கை அது. செத்துக் கிடந்தவரின் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியில் எத்தனைக் குச்சி என்பது வரை எண்ணி எழுதியதாகச் சொன்னார். கேமில் அந்த வேலை இல்லாததில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால், இந்த கேமின் உயிர் தடயத்தில் இல்லை, விசாரணையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்த டீம் பாண்டை என்ற நிறுவனம்தான் இதை உருவாக்கியது. எழுதி இயக்கியவர் பிரெண்டன் மெக்னமாரா. மற்ற கேம்களில் மனித முகங்கள் பொம்மை மாதிரி இருக்கும். இங்கே நடிகர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, சுற்றிலும் 32 கேமராக்களை நிறுத்தி, முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிவு செய்தார்கள். 'மோஷன்ஸ்கேன்' என்று அந்த முறைக்குப் பெயர். உதட்டைக் கடிப்பது, எச்சில் விழுங்குவது, பார்வையைத் திருப்புவது எல்லாம் அப்படியே தெரியும்.

எதிரில் இருப்பவர் பதில் சொன்னதும், நம் முன் மூன்று பட்டன்கள் வரும். உண்மை, சந்தேகம், பொய். முகத்தைப் பார்த்து நாம் ஒன்றை அமுக்க வேண்டும். 'பொய்' என்று அமுக்கினால், அதை நிரூபிக்க ஒரு தடயத்தையும் எடுத்துக் காட்ட வேண்டும். 2017 பதிப்பில் இந்தப் பெயர்களை 'நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு' என்று மாற்றிவிட்டார்கள். நாங்கள் விளையாடியது பழைய பதிப்பு. எனக்கும் அதுதான் பிடிக்கும். பாவப்பட்ட கிழவியிடம் 'சந்தேகம்' என்று லேசாகத் தட்டினால், ஃபெல்ப்ஸ் மேஜையைக் குத்திக் கத்துவார். நாமே திடுக்கிட்டுப் போவோம்.

தங்க வண்ணத்துப்பூச்சி

இரண்டாவது ராத்திரி கொலைப் பிரிவுக்கு வந்தோம். (இனி கதையின் முடிச்சு கொஞ்சம் அவிழும். விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் மன்னிக்கவும். பதினைந்து வருடப் பழைய கேம்தானே!)

இந்தப் பிரிவின் பின்னால் ஓர் உண்மைக் கதை நிழலாக நிற்கிறது. 1947 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் எலிசபெத் ஷார்ட் என்ற 22 வயதுப் பெண்ணின் உடல், இரண்டு துண்டுகளாகக் காலி மனை ஒன்றில் கிடந்தது. பத்திரிகைகள் அவருக்கு 'பிளாக் டாலியா' என்று பெயர் வைத்தன. 'நான்தான் கொன்றேன்' என்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே வந்து ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மீதும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. இன்றுவரை கொலையாளி யார் என்று தெரியாது.

பெரியப்பா இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "செய்யாதவன் செஞ்சேன்னு சொல்லுறது புதுசா என்ன?" என்று மட்டும் சொன்னார்.

கேமில் அதன் பிறகு நடக்கும் கொலைகள் கற்பனை. அதில் ஒன்றின் பெயர் 'தங்க வண்ணத்துப்பூச்சி'. டெய்ட்ரி மோலர் என்ற குடும்பப் பெண் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கணவர் ஹியூகோ. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் மிஷெல். கணவரிடம் போனால் பதில்கள் முன்னுக்குப் பின் முரண். மகளிடம் கேட்டால், அப்பாவுக்குக் கோபம் வரும் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஈலை ரூனி என்ற ஆள் சிக்குகிறான். சிறுமிகளிடம் வாலாட்டுகிற பழைய குற்றவாளி. அவன் காரில் ரத்தக்கறை படிந்த உடை, இரும்புக் கம்பி, கயிறு. போதாதா? இன்னும் இருக்கிறது. மறுபடியும் மோலர் வீட்டுக்குப் போனால், கொல்லைப்புறத்தில் கணவர் ரத்தம் பட்ட காலணியை எரிக்கப் பார்க்கிறார். போலீஸைக் கண்டதும் ஓடுகிறார்.

ஸ்டேஷனில் இரண்டு அறைகள். ஒன்றில் கணவர், இன்னொன்றில் ரூனி. நாம் மாறி மாறிப் போய் விசாரித்து, ஒருவர் மீது குற்றம் சாட்ட வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. "புருஷன்தான் பெரியப்பா. செருப்பை எரிக்கான், ஓடுதான், மூஞ்சியப் பாருங்க, வேர்க்குது."

"வேர்க்கும்லே" என்றார் பெரியப்பா. "கூண்டுக்குள்ள உக்கார வெச்சா உனக்கும் வேர்க்கும்."

'பொய்' பட்டனை அமுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அமுக்கினேன். கணவர் மீது குற்றம் சாட்டினேன். கேப்டன் டானலி என் மீது சீறி விழுந்தார். அவருக்கு ரூனிதான் வேண்டும். அப்படிப்பட்டவனை வெளியே விட்டுவிட்டு, குடும்பஸ்தனைப் பிடித்துக்கொண்டு வந்தாயே என்று கோபம். அப்படியானால் ரூனிதான் கொன்றானா? அதுவும் இல்லை. சில வழக்குகள் தாண்டிய பிறகுதான் தெரிகிறது, இருவருமே கொல்லவில்லை. இந்தப் பிரிவில் நான் உள்ளே தள்ளிய ஒருவர்கூட கொலையாளி இல்லை. உண்மையான ஆள் வேறு. அவன் யார் என்பது வெளியே வரக் கூடாது என்பதால், விஷயத்தை அமுக்கி, உள்ளே போனவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவதாக மேலதிகாரி சொல்கிறார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏமாற்றிவிட்டான் கேம்காரன் என்று திட்டினேன். பெரியப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லேப்டாப்பை மூடச் சொன்னார்.

அவர் சொன்னது இது. பல வருடங்களுக்கு முன்பு, அவர் வேலை பார்த்த ஒரு ஊரில் (பெயர் வேண்டாம் என்றார்) வாழைத் தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் தார்களை வெட்டிக் கடத்திவிட்டார்கள். சுமார் முப்பது தார். தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒருவரை அழைத்து வந்தார்கள். அன்று ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டால் திக்குகிறார். நேருக்கு நேர் பார்க்க மாட்டேன் என்கிறார். வேர்த்து ஊற்றுகிறது. மூன்று நாட்கள் வரச் சொல்லி உட்காரவைத்தார்கள். நான்காவது நாள்தான் உண்மை வெளியே வந்தது. மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய கம்மலை அடகு வைக்கப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார். அது தெரிந்துவிடுமே என்ற பயம். தாரை வெட்டியவர்கள் வேறு ஆட்கள். அதில் ஒருவன், முதல் நாளே ஸ்டேஷனுக்கு வந்து கண்ணுக்குக் கண் பார்த்து, சாட்சி சொல்லிவிட்டுப் போனவன்.

"அந்த ஆளுக்கு ஊர்ல 'தார்'னே பேர் வெச்சிட்டாவ. அவன் மவனையும் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்பிட்டாவ. 'அவன்தான்யா, மூஞ்சியே சொல்லுதே'ன்னு முதல்ல சொன்னது நான்தான். அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குக்கூட அப்புறம் நான் போகல."

பெரியம்மாவுக்கே இந்தக் கதை தெரியாது என்றார். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் இல்லாமல்.

கற்பூரமும் கருவியும்

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா? சார்லஸ் பாண்ட், பெல்லா டிபவுலோ என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2006-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்!

நம் ஊரில் இதற்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தார்கள். களக்காட்டுப் பெரிய கோயில் சுவாமியின் பெயரே சத்தியவாகீஸ்வரர். சத்திய வாக்குக்கு ஈசன். சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய் என்று சொல்வார்கள். திருடியவன் கையை நீட்டத் தயங்குவான் என்பது நம்பிக்கை. "தயங்குனவன் எல்லாம் திருடனும் இல்ல, அடிச்சவன் எல்லாம் யோக்கியனும் இல்ல" என்றார் பெரியப்பா. ஏட்டையா சாமி கும்பிடுகிறவர்தான், தினமும் காலையில் கோயிலுக்குப் போகிறவர்தான்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட உஷாராக இருக்கிறது. 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமத்தில் அதுவே 23-வது பிரிவு. கருவிகளுக்கும் கடிவாளம் உண்டு. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபெல்ப்ஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 'நீங்கள் பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம்' என்று விசாரணைக்கு முன் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்ததே 1966-ல்தான்.

"எங்களுக்கு மட்டும் தெரியாதா, ஸ்டேஷன்ல சொன்னது செல்லாதுன்னு? தெரியும். ஆனாலும், அவன் வாயால ஒத்துக்கிட்டா ஒரு நிம்மதி. அதுதான் கெடுக்கும்" என்றார்.

நம்ம ஊர் கேம்

மூன்றாவது ராத்திரி பேச்சு வேறு பக்கம் போனது. இதே மாதிரி நம்ம திருநெல்வேலியை வைத்து ஒரு கேம் செய்தால்? எனக்குச் சட்டென்று தோன்றியது ஆஷ் கொலை வழக்கு.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுவிட்டு, நிலையத்தின் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் பிரௌனிங் துப்பாக்கி. சட்டைப்பையில் ஒரு கடிதம். குற்றவாளி இறந்துகிடக்கிறார். இனி கண்டுபிடிக்க வேண்டியது, பின்னால் இருப்பவர்கள் யார், துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதை. அந்தக் கடிதத்தில் தொடங்கிய விசாரணை, நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாகக் கொண்டு 14 பேர் மீதான சதி வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீலகண்டருக்கு 7 ஆண்டுச் சிறை.

இடங்களும் இருக்கின்றன. தாமிரபரணியின் மேல் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம் இன்னும் நிற்கிறது. ரயில் நிலையம் 'வாஞ்சி மணியாச்சி' ஆகிவிட்டது. செங்கோட்டைத் தெருக்கள், பாளையங்கோட்டை, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம்... நான் ஆர்வமாக அடுக்கிக்கொண்டே போனேன்.

"அதுல நீ யாரு?" என்று கேட்டார் பெரியப்பா.

"போலீஸ்தான்."

"யாரோட போலீஸ்?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. துப்பறிகிற ஆளாக விளையாடினால், வீடு வீடாகப் போய்த் தேடுவது நான்தான். வாஞ்சியின் நண்பர்களை உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து 'பொய்' பட்டனை அமுக்குவதும் நான்தான். அந்த விசாரணை நாட்களில் தேடப்பட்டவர்களில் இருவர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். எல்லாத் தடயமும் கிடைத்து, இசை நின்று, ஐந்து நட்சத்திரம் வாங்கினால், அது யாருக்கு வெற்றி?

"வாஞ்சியா விளையாடுற மாதிரி வெச்சா?" என்றேன்.

"அப்ப சுடணும்ல. பக்கத்துல அவன் பொண்டாட்டி உக்காந்திருக்கா."

அந்த கேமை நாங்கள் அத்தோடு கைவிட்டோம்.

எல்.ஏ. நுவாரைச் செய்தவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் தொடங்கிய வேலை ஏழு வருடங்கள் இழுத்தது. கேம் வெளியான பிறகு, ஓயாத வேலை நேரம் பற்றி முன்னாள் ஊழியர்கள் புகார் சொன்னார்கள். கேமின் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவர்களே ஒரு பட்டியலை இணையத்தில் போட்டுக்கொண்டார்கள். கேம் நன்றாக விற்றது. டீம் பாண்டை அதே ஆண்டில் மூடப்பட்டது.

நான்காவது ராத்திரி, கிளம்புவதற்கு முந்தைய நாள், பெரியப்பாவே கேட்டார். "அந்தப் புருஷன் கேஸை மறுபடியும் போடு."

போட்டேன். இந்த முறை அவர் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். நிறைய 'உண்மை', கொஞ்சம் 'சந்தேகம்'. 'பொய்' ஒன்றிரண்டு இடத்தில்தான், அதுவும் கையில் தடயம் இருந்தால் மட்டும். கடைசியில், மறுபடியும் அதே இரண்டு அறைகள்.

"ரெண்டு பேரையும் விட்டுட்டு, இன்னும் விசாரிக்கணும்னு எழுத ஒரு பட்டன் இருக்கா?"

இல்லை. யாராவது ஒருவர் மீது குற்றம் சாட்டினால்தான் கதை நகரும்.

"அப்ப நீயே அமுக்கு" என்று எழுந்துபோய்விட்டார்.

சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். அலுவலகத்தில் இருந்தபோது பெரியப்பாவிடமிருந்து போன். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி எடுத்தேன்.

"அந்தப் பிள்ளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை... மிஷெலா? அம்மாவும் செத்துட்டா, அப்பனையும் நீ உள்ள தூக்கிப் போட்டுட்டே. அப்புறம் அவ யார் வீட்டுல இருந்தா?"

அந்த வழக்கு முடிந்த பிறகு மிஷெல் என் கண்ணில் படவே இல்லை. கேம் முழுக்க விளையாடி முடித்திருந்தேன். அவள் காணாமல் போனதை நான் கவனித்திருக்கவில்லை.

"தெரியல பெரியப்பா" என்றேன்.

"சரி, பாத்துச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.